சென்ட்ரல் சுரங்க மெட்ரோவால் கும்மிடிப்பூண்டி லைன்காரனுக்கு என்ன லாபம்?

எளாவூர் செக்போஸ்ட் | ஜூன் 9, காலை 6.52

நேராவே கேக்கறேன். சூலூர்பேட்டைலேர்ந்து மூர்மார்க்கெட் (சென்ட்ரலை ஒட்டின புறநகர் ரயில் நிலையம்) வரைக்கும் 83 கிலோமீட்டர் தொங்கிக்கிட்டு வர்றோம். இறங்கினா ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஜி.எச். (அரசு பொது மருத்துவமனை) கண்ணுக்குத் தெரியுது. அங்க போக சென்ட்ரல் மெட்ரோ ஸ்டேஷன் வழியா பூமிக்குள்ள இறங்கி, நடந்து, திரும்ப ஏறணுமாம். மெட்ரோ ரயில்ல ஏறாதவனுக்கு அந்த ஸ்டேஷனால ஒரு பைசா பிரயோஜனம் உண்டா? ஏசி காத்துன்னு மட்டும் சொல்லாதீங்க.

தடா பாசஞ்சர் | ஜூன் 9, காலை 7.15

ஏசி காத்து.

பொன்னேரி சிவில் | ஜூன் 9, இரவு 9.40

கேள்வியே தலைகீழா இருக்கு அண்ணே. நம்ம லைன்காரனுக்கு அந்த ஸ்டேஷன் முதல்ல ஒரு சுரங்கப்பாதை. ரயில் அதுக்கு அப்புறம்தான். ஈ.வெ.ரா. பெரியார் சாலையை அந்த இடத்துல நோயாளியைக் கையில பிடிச்சுக்கிட்டு மேலேயே கடக்க நினைக்கிறவங்க பஸ் டிரைவரோட பிரேக்கை நம்பி இறங்குறாங்க. கீழ போனா சாலையைக் கடக்கிற வேலையே கிடையாது. சென்ட்ரல், ஜி.எச்., பார்க் ஸ்டேஷன், பார்க் டவுன் பறக்கும் ரயில், ரிப்பன் மாளிகை எல்லாமே ஒரே முடிச்சுல வந்து சேருது.

டிக்கெட் வேணுமான்னு கேப்பீங்க. வேண்டாம். டிக்கெட் தட்டுற கேட் இருக்கே, அதுக்கு இந்தப் பக்கம் இருக்கிற கூடம் முழுக்க யாரும் நடக்கலாம். கேட்டுக்கு அந்தப் பக்கம் போனாத்தான் காசு. பை சோதனை எக்ஸ்ரே மெஷினும் அந்தக் கேட் கிட்டதான்.

வயசானவங்களோட வந்தா படிக்கட்டு வாசலை விட்டுட்டு லிஃப்ட் இருக்கிற வாசலைத் தேடுங்க. எல்லா வாசல்லயும் லிஃப்ட் கிடையாது. வாசல் பக்கத்துப் பலகையில சக்கர நாற்காலி படம் போட்டிருக்கும், அதைப் பார்த்து நடந்தா போதும். இன்னொண்ணு, கீழ இறங்கினதும் உடனே நடக்க ஆரம்பிக்காதீங்க. முதல்ல நின்னு, தலைக்கு மேல தொங்குற பலகையைப் படிங்க. தப்பான வாசல்ல ஏறிட்டா ரோட்டுக்குத் தப்பான பக்கம் வெளிய வருவீங்க. அங்கேர்ந்து மேலேயே குறுக்க போயிடலாம்னு தோணும். அதுக்காகத்தான் கீழயே இறங்கினோம்ங்கிறது அப்ப மறந்துபோகும்.

வெண்டர் பெட்டி | ஜூன் 10, அதிகாலை 4.58

பலகை தமிழ்ல இருக்கு, இங்கிலீஷ்ல இருக்கு. தெலுங்கு இல்ல. சூலூர்பேட்டை, நாயுடுபேட்டைக்காரங்க பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. கீழ நின்னு "ஆஸ்பத்திரி எக்கட"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. செக்யூரிட்டிக்கு அந்த ஒரு வார்த்தை தெலுங்கு இப்ப நல்லா வருது.

எளாவூர் செக்போஸ்ட் | ஜூன் 10, காலை 8.03

சரி, சுரங்கப்பாதைன்னே வெச்சுக்குவோம். அப்ப ஒரு சுரங்கப்பாதை மட்டும் போட்டிருந்தா போதாதா? இவ்வளவு ஆழம் எதுக்கு? கீழ போறதுக்கு முன்னாடி வாசல்ல நாலு படி மேல ஏத்திவிடுறாங்களே, அது எதுக்கு? முட்டி வலிக்காரன் அங்கயே உட்கார்ந்துடுவான்.

பொன்னேரி சிவில் | ஜூன் 10, இரவு 10.20

ரெண்டு கேள்விக்கும் பதில் தண்ணிதான்.

அந்த நாலு படி வெள்ளத் தடுப்பு. தெருவுல முழங்கால் தண்ணி நின்னாலும் வாசல் விளிம்பு அதுக்கு மேல இருக்கணும். ஒரு தடவை தண்ணி படியில வழிஞ்சு இறங்கிட்டா எஸ்கலேட்டர் குழி, லிஃப்ட் குழி, மின்சார அறைன்னு ஒண்ணுவிடாம தேடிப் போகும். அதனால முதல்ல ஏறி அப்புறம் இறங்கணும். முட்டிக்குக் கஷ்டம்தான், மறுக்கல. லிஃப்ட் வாசல்ல சரிவுப் பாதை இருக்கும், அதுல போங்க.

ஆழத்துக்குக் காரணம், அங்க ரெண்டு லைன் ஒண்ணுக்கு மேல ஒண்ணா குறுக்க போகுது. விம்கோ நகர்லேர்ந்து விமான நிலையம் போற நீல லைன், சென்ட்ரல்லேர்ந்து எழும்பூர், கோயம்பேடு வழியா பரங்கிமலை போற பச்சை லைன். ரெண்டுக்கும் தனித்தனி தளத்துல பிளாட்பாரம். அதுக்கு மேல டிக்கெட் கூடம். அதுக்கும் மேல ஏற்கனவே ரோட்டுக்கு அடியில இருக்கிற சாக்கடை, குடிநீர் பைப், கேபிள். இத்தனையும் அடுக்கினா ஆழம் தானா வந்துடும்.

இப்ப அந்தத் தண்ணிக் கணக்கு. நிலத்தடி நீர் 3 மீட்டர்ல நிக்குது, பெட்டி மாதிரி கட்டின ஸ்டேஷனோட அடித்தளம் 20 மீட்டர்ல இருக்குன்னு வெச்சுக்குங்க. நடுவுல 17 மீட்டர் தண்ணி. அடித்தளத்தை ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 17 டன் மேல தள்ளும். கான்கிரீட் ஒரு கன மீட்டர் 2.5 டன்தான். வெறும் எடையால அழுத்திப் பிடிக்கணும்னா கிட்டத்தட்ட 7 மீட்டர் கனத்துக்கு கான்கிரீட் கொட்டணும். யாரும் கொட்ட மாட்டாங்க. சுத்துச் சுவர் மண்ணோட உரசிப் பிடிக்கிற பிடி, அடியில இழுத்துப் பிடிக்கிற பைல் (பூமிக்குள்ள இறக்கின கான்கிரீட் தூண்), தளங்களோட சொந்த எடை, கூரை மேல திரும்பப் போட்ட மண்ணு, இதெல்லாம் சேர்ந்துதான் பெட்டியைக் கீழ பிடிச்சு வெச்சிருக்கு. காலி டிரம்மைக் குளத்துல அமுக்கிப் பாருங்க, கை சொல்லும்.

தடா பாசஞ்சர் | ஜூன் 10, இரவு 10.31

அப்ப ஸ்டேஷன் ஒரு கப்பல். நங்கூரம் போட்டு ரோட்டுக்கு அடியில நிறுத்தி வெச்சிருக்காங்க.

பொன்னேரி சிவில் | ஜூன் 10, இரவு 10.34

கட்டி முடிக்கிறதுக்கு முன்னாடிதான் அதுக்கு உண்மையான ஆபத்து. மேல பாரம் இல்லாத நேரத்துல நிலத்தடி நீரை இறைக்கிற பம்ப் நின்னுச்சுன்னா மெதக்கப் பார்க்கும்.

கவரைப்பேட்டை கிழக்கு | ஜூன் 13, மதியம் 1.12

ஜி.எச்.சை விடுங்க. கிண்டி, தேனாம்பேட்டை, ஏர்போர்ட் போறவன் எதுக்கு மூர்மார்க்கெட் வரைக்கும் போறான்? விம்கோ நகர்ல இறங்கு. மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துலயே. 2021 பிப்ரவரி 14ல திறந்தது. அங்கேர்ந்து உட்கார்ந்தா நேரா ஏர்போர்ட். புதுவண்ணாரப்பேட்டை வரைக்கும் வானத்துல போகும், தண்டையார்பேட்டைல பாதாளத்துல இறங்கும், சைதாப்பேட்டை தாண்டித்தான் திரும்ப வெளிச்சம் பார்க்கும்.

அதிகபட்ச டிக்கெட் 50 ரூபா. முன்னாடி 70 இருந்தது, அதே 2021 பிப்ரவரியில குறைச்சாங்க. மொபைல்ல க்யூஆர் எடுத்தா இன்னும் 20 சதவீதம் குறையும்.

வெண்டர் பெட்டி | ஜூன் 13, மாலை 5.40

விம்கோ நகர் சரி. ஆனா பேரை நம்பி இறங்காதீங்க. தண்டையார்பேட்டை ரயில்வே ஸ்டேஷன் வேற, தண்டையார்பேட்டை மெட்ரோ வேற. ரெண்டும் ஒட்டி இல்ல. பேர் ஒண்ணா இருக்குன்னு ரயில்ல இறங்கிட்டா ஆட்டோக்காரன் சிரிப்பான்.

மூட்டைக்காரங்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன். பழவேற்காட்டு மீன் கூடை, கீரைக் கட்டு, ஈரச்சாக்கு, இதெல்லாம் மெட்ரோவுல வேலைக்கு ஆகாது. நம்ம லைன் வண்டியில வெண்டர் பெட்டி இருக்கு, அதுதான் நமக்கு. பாரிமுனைக்குச் சரக்கு வாங்கப் போறவங்க மண்ணடி மெட்ரோ, ஹைகோர்ட் மெட்ரோன்னு குழப்பிக்க வேண்டாம். பீச் போற வண்டியில ஏறி பீச்லயே இறங்கினா பாரிமுனைக்கு நடந்துடலாம். திரும்பும்போது பெட்டி பெருசானாலும் எக்ஸ்ரே மெஷின் வாயைப் பத்திக் கவலை இல்ல.

எளாவூர் செக்போஸ்ட் | ஜூன் 14, காலை 7.00

ஆக மூட்டைக்காரனுக்கும் மெட்ரோ இல்ல, மீன்காரம்மாவுக்கும் இல்ல. என் கேள்வி இன்னும் நிக்குது.

பொன்னேரி சிவில் | ஜூன் 14, இரவு 9.05

ரயிலா பார்த்தா அப்படித்தான் தெரியும். தெற்கே போறவங்களை எடுத்துக்குங்க. மதுரைக்கோ நாகர்கோவிலுக்கோ எழும்பூர்ல வண்டி பிடிக்கணும். மூர்மார்க்கெட்ல இறங்கி மெட்ரோவுல ஒரே ஒரு ஸ்டாப். எழும்பூர் மெட்ரோவும் நிலத்தடிதான், வெளிய வந்தா ரயில்வே ஸ்டேஷன். இன்னொரு வழி, சுரங்கப்பாதையில ரோட்டைக் கடந்து பார்க் ஸ்டேஷன் போய் தாம்பரம் வண்டியில ஒரு ஸ்டாப். அது இன்னும் மலிவு, ஆனா படி அதிகம், காலை நேரத்துல பெட்டியோட ஏற முடியாது. கை வீசிக்கிட்டுப் போனா பார்க். பெட்டி, குழந்தை, பெரியவங்கன்னா மெட்ரோ. எதுல போனாலும் வண்டி எழும்பூர்லேர்ந்துதான் கிளம்புதா தாம்பரத்துலேர்ந்தான்னு டிக்கெட்ல ஒரு தடவை பார்த்துடுங்க.

கவரைப்பேட்டை கிழக்கு | ஜூன் 14, இரவு 9.50

பச்சை லைன்ல ஏறினா ஏர்போர்ட்டும் போகும்.

பொன்னேரி சிவில் | ஜூன் 14, இரவு 9.58

எல்லா வண்டியும் போகாது. பச்சை லைன் பரங்கிமலையில முடியும். ஆலந்தூர்ல இறங்கி நீலத்துக்கு மாறணும். சென்ட்ரல்ல பிரியுற ரெண்டு லைனும் ஆலந்தூர்ல மறுபடி சந்திக்குது, அதான் குழப்பம். சென்ட்ரல்லேர்ந்து ஏர்போர்ட்டுக்கு நீலம், அவ்வளவுதான். கோயம்பேடு, வடபழனின்னா பச்சை.

கவரைப்பேட்டை கிழக்கு | ஜூன் 14, இரவு 10.02

ஒத்துக்கிட்டேன். நீலம்.

சத்தியவேடு ரோடு | ஜூன் 22, காலை 11.25

நாங்க பஸ் பார்ட்டி. ஆந்திரா பஸ் எல்லாம் 2018 அக்டோபர்லேர்ந்து மாதவரம் பஸ் நிலையத்தோட நின்னுடுது. அங்க மெட்ரோ எப்ப?

பொன்னேரி சிவில் | ஜூன் 22, இரவு 8.30

ரெண்டாம் கட்டத்துல மாதவரத்துலேர்ந்து ரெண்டு லைன் கிளம்புது. ஒண்ணு சிறுசேரி சிப்காட்டுக்கு, இன்னொண்ணு சோழிங்கநல்லூருக்கு. தேதி சொல்லி வாங்கிக் கட்டிக்க நான் தயாரா இல்ல.

நெல்லூர் வரைக்கும் பார்த்தாலும் நமக்குக் கிட்ட இருக்கிற நிலத்தடி ஸ்டேஷன் சென்னையிலதான். ஹைதராபாத் மெட்ரோ முழுக்கத் தூண் மேல ஓடுது.

கொழிஞ்சாம்பாறை | ஜூன் 23, காலை 9.14

பாலக்காட்டுப் பக்கத்துலேர்ந்து எட்டிப் பார்க்கிறேன். கொச்சி மெட்ரோவும் தூண்மேலதான். 2017 ஜூன்லேர்ந்து ஓடுது. மெட்ரோன்னா அண்ணாந்து பார்க்கணும்னே நெனச்சிருந்தோம், நீங்க குனிஞ்சு பார்க்கச் சொல்றீங்க. ஒரு சந்தேகம்: மேல கட்டடம், ரோடு, கூட்டம் எல்லாம் இருக்கும்போது கீழ எப்படித் தோண்டினாங்க?

பொன்னேரி சிவில் | ஜூன் 23, இரவு 11.10

இதைச் சுருக்கிச் சொல்ல வராது, பொறுத்துக்குங்க.

முதல்ல சுவர், அப்புறம்தான் குழி. கிணத்துக்கு உறை இறக்குற மாதிரி தோண்டத் தோண்ட இறக்குறது இல்ல. சுவர் எங்க வரணுமோ அங்க ஒரு மீட்டர் ஆழத்துக்கு வழிகாட்டிச் சுவர் ரெண்டு எழுப்புவாங்க. நடுவுல இருக்கிற இடைவெளியில பெரிய இரும்பு வாய் மண்ணை அள்ளிக்கிட்டே கீழ போகும். 5, 6 மீட்டர் நீளத்துக்கு ஒரு பேனல். பள்ளம் சரியாம இருக்க பென்டோனைட் களிமண் கரைசலை விளிம்பு வரைக்கும் நிரப்பியே வெச்சிருப்பாங்க. முழு ஆழம் வந்ததும் கம்பிக்கூடை கிரேன்ல இறங்கும். அடியிலேர்ந்து மேல கான்கிரீட் ஏறும், கரைசலை அது வெளிய தள்ளும்.

தப்பு நடக்கிற இடம் இதுதான். கான்கிரீட் ஊத்துற குழாயோட நுனி, ஏற்கனவே விழுந்த கான்கிரீட்டுக்குள்ள ரெண்டு மூணு மீட்டர் மூழ்கியே இருக்கணும். அவசரப்பட்டுக் குழாயை மேல இழுத்துட்டா நுனி கரைசலுக்குள்ள வந்துடும், சுவருக்குள்ள சேறு புகுந்துடும். அன்னைக்கு யாருக்கும் தெரியாது. ரெண்டு வருஷம் கழிச்சு உள்பக்கம் தோண்டும்போது அந்த இடம் ஒழுகும். பேனலுக்கும் பேனலுக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் பட்டை முறுக்கிக்கிட்டாலும் இதே கதைதான். ஸ்டேஷன் சுவர்ல வெள்ளையா வழிஞ்சு காய்ஞ்ச தடம் பார்த்திருப்பீங்க. சுண்ணாம்பு கரைஞ்சு வந்தது. தடம் காய்ஞ்சிருந்தா பயமில்ல. ஈரமா இருந்து மண்ணும் சேர்ந்து வந்தாத்தான் ஓடிப் பார்க்கணும். துளை போட்டு ஊசி மாதிரி பாலியூரிதேன் ஏத்துவாங்க, தண்ணி பட்டதும் நுரைச்சு அடைச்சுக்கும்.

பரபரப்பான ரோடா இருந்தா சுவர் முடிஞ்ச கையோட கூரையைப் போட்டு ரோட்டைத் திருப்பிக் குடுத்துட்டு, கூரைக்குக் கீழ தோண்டுவாங்க. கூரை, முதல் தளம், ரெண்டாம் தளம்னு மேலிருந்து கீழ கட்டிக்கிட்டே போறது. வீடு கட்டுறவனுக்கு இதைச் சொன்னா நம்ம மேல சந்தேகப்படுவான்.

ஸ்டேஷனுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவுல மிஷின் குடையும். முடிஞ்ச குகைக்கு உள்ளளவு 5.8 மீட்டர். வெட்டுற குறுக்களவு 6.6னு வெச்சா, ஒரு மீட்டர் முன்னேற 34 கன மீட்டர் மண் வரணும். வெட்டின மண் உதிர்ந்து பெருகும், அதனால வெளிய வரும்போது 44லேர்ந்து 48 வரைக்கும் இருக்கும். 60 வந்தா எங்கேயோ மேல குழி விழுதுன்னு அர்த்தம். இந்தக் கணக்கை ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் எழுதி வெக்கிறவன்தான் அந்த வேலையில உண்மையான காவக்காரன். 2017 ஏப்ரல் 9 அண்ணா சாலையில ஒரு பஸ்ஸும் காரும் உள்ள போச்சே, ஞாபகம் இருக்கா? கீழ குகை தோண்டிக்கிட்டிருந்த இடம்.

சென்ட்ரலைச் சுத்தி இருக்கிறது இன்னும் நுணுக்கம். 1873ல திறந்த சென்ட்ரல் கட்டடம், 1913 ரிப்பன் மாளிகை, பக்கத்துல விக்டோரியா ஹால். இந்த மாதிரிப் பழைய சுவர்கள் கிட்ட தோண்டினா சாய்வுமானி, உயரக் குறி ஒட்டி மில்லிமீட்டர்ல அளந்துக்கிட்டே இருக்கணும். பூமிக்குள்ள தண்ணி அளவு காட்டுற குழாயும் தனியா போடணும். தண்ணியை அதிகமா இறைச்சாலும் மண் இறுகிக் கட்டடம் உட்காரும்.

தடா பாசஞ்சர் | ஜூன் 23, இரவு 11.41

மூர் மார்க்கெட்டை விட்டுட்டீங்க. 1985 மே 30ல எரிஞ்சது. அந்த இடத்துலதான் நம்ம லைன் வண்டி வந்து நிக்குது. கட்டடம் போயி 40 வருஷம் ஆச்சு, பேர் மட்டும் டிக்கெட்ல ஓடுது.

வெண்டர் பெட்டி | ஜூலை 2, அதிகாலை 4.50

எஸ்கலேட்டர் பத்தி யாரும் பேசலையே. நம்ம பக்கத்துப் பெரியம்மாங்க பயப்படுற விஷயம் அது ஒண்ணுதான். புடவைத் தலைப்பைச் செருகிக்கணும். வேட்டியை மடிச்சுக் கட்டணும். படியோட நடுவுல நிக்கணும், பக்கத்துத் தகட்டுல செருப்பு உரசக்கூடாது. ரப்பர் செருப்புதான் அதிகம் மாட்டும். இறங்குற இடத்துல சீப்பு மாதிரி பல்லு இருக்கும், அங்க காலை இழுக்காம தூக்கி வெக்கணும். இறங்கின உடனே நின்னு பலகை படிக்கக்கூடாது, பின்னாடி வர்றவன் மேல விழுவான். நாலு எட்டு தள்ளி நின்னு படிங்க. மேல சிவில் சார் "முதல்ல நின்னு படிங்க"ன்னு எழுதினதுக்கு இது திருத்தம்.

பொன்னேரி சிவில் | ஜூலை 2, இரவு 9.15

சரியான திருத்தம்.

சிவப்புப் பட்டன் மேலயும் கீழயும் இருக்கும். துணி மாட்டினா இழுத்துப் போராடாம முதல்ல அதை அமுக்குங்க, நடந்து போறவங்க யாரா இருந்தாலும் அமுக்கலாம். விளையாட்டுக்கு அமுக்கினா மேல நிக்கிறவங்க முன்னாடி சாய்வாங்க.

எளாவூர் செக்போஸ்ட் | ஜூலை 11, காலை 7.22

ரோட்டோரத்துல கூண்டு மாதிரி கான்கிரீட் கட்டி கம்பிச் சட்டம் போட்டிருக்காங்களே, அது எதுக்கு? நடைபாதையில பாதியை அதுவே தின்னுடுச்சு.

பொன்னேரி சிவில் | ஜூலை 11, இரவு 10.00

மூச்சுக்குழாய். வண்டி குகைக்குள்ள வரும்போது பிஸ்டன் மாதிரி காத்தைத் தள்ளிக்கிட்டு வரும், அது வெளிய போக வழி வேணும். தீப்பிடிச்சா புகையை இழுக்கிறதும் அதே வழிதான். அந்த விசிறி 250 டிகிரி சூட்டுலயும் ஒரு மணி நேரமாவது சுத்துற மாதிரி வாங்கணும். பிளாட்பாரம் 4 நிமிஷத்துல காலியாகணும், 6 நிமிஷத்துல எல்லாரும் பத்திரமான இடத்துக்குப் போயிடணும்னு உலக அளவுல ஒரு கணக்கு இருக்கு. படி அகலமெல்லாம் அதை வெச்சுத்தான் முடிவாகுது. எஸ்கலேட்டர் நின்னுபோனாலும் படியா நடக்கலாம். தீ நேரத்துல லிஃப்ட்ல ஏறக்கூடாது.

அந்தக் கூண்டு மேல சாக்கு காயப்போடுறது, பக்கத்துல குப்பை கொளுத்துறது ரெண்டும் வேண்டாம். உள்ளிழுக்கிற நேரமா இருந்தா புகை நேரா பிளாட்பாரத்துக்கு வரும். நடைபாதையைத் தின்னதுங்கிற புகார் நியாயம்தான். அதே மாதிரி செனாய் நகர்ல திரு.வி.க. பூங்காவுக்கு அடியில ஸ்டேஷன் கட்டினதுல அந்தப் பூங்கா பல வருஷம் மூடிக் கிடந்தது. நிலத்தடின்னா மேல ஒண்ணுமே ஆகாதுன்னு அக்கம்பக்கத்துக்குச் சொல்றது முழு உண்மை இல்ல. கட்டுற காலம் முழுக்க பாரத்தைச் சுமக்கிறது அந்தத் தெருதான்.

தடா பாசஞ்சர் | நவம்பர் 4, இரவு 7.45

மழை ஆரம்பிச்சாச்சு, இழையைத் தூசி தட்டறேன். மழையில கீழ இறங்கலாமா? வீட்டுல "சுரங்கம், தண்ணி வந்துடும்"னு தடுக்கிறாங்க.

பொன்னேரி சிவில் | நவம்பர் 4, இரவு 9.30

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல வாசல்ல தண்ணி கட்டிக்கிட்டு மாட்டினது பரங்கிமலை. தூண் மேல இருக்கிற ஸ்டேஷன்! வண்டி மேல போகுது, ஆனா கீழ வாசலுக்கு வர வழி இல்ல. அதனால கீழயா மேலயாங்கிறதை வெச்சு முடிவு பண்ணாதீங்க, வாசல் இருக்கிற தெரு தாழ்வா மேடாங்கிறதைப் பாருங்க.

நிலத்தடியில ஊறுற தண்ணிக்குத் தொட்டியும் பம்பும் இருக்கு, ஒண்ணு ஓடும், மாத்து பம்ப் தயாரா நிக்கும். மழை நாள்ல நமக்கு உண்மையான தொல்லை ஈரத் தரை. வாசல்லேர்ந்து முதல் 20 அடி வழுக்கும். குடையை உதறி மடக்கிட்டு இறங்குங்க. கைப்பிடி பக்கமா நடங்க. மொபைல் டிக்கெட் எடுக்கிறதா இருந்தா மேலயே எடுத்துடுங்க, ஸ்கிரீனைத் துடைச்சு வெச்சுக்குங்க. ஈரக் கண்ணாடியை க்யூஆர் மிஷின் படிக்காது.

எளாவூர் செக்போஸ்ட் | நவம்பர் 5, காலை 6.40

மழையில ஜி.எச். போக அந்த வழியை நானும் ஒத்துக்கறேன். வெயில்ல இன்னும் யோசிக்கணும்.

வெண்டர் பெட்டி | நவம்பர் 5, காலை 6.44

வெயில்லதான் ஏசி காத்து இருக்கே.

சத்தியவேடு ரோடு | நவம்பர் 5, காலை 10.18

ராத்திரி திரும்பும்போது அந்தப் பாதை திறந்திருக்குமா?

பொன்னேரி சிவில் | நவம்பர் 5, இரவு 8.55

மெட்ரோ காலை 5 மணியிலேர்ந்து ராத்திரி 11 வரைக்கும். கடைசி நேரத்துல எந்த வாசல் பூட்டியிருக்கும்னு முன்கூட்டிச் சொல்ல முடியாது, அதனால கால் மணி நேரம் கூட வெச்சுக்குங்க. ஜி.எச்.ல நோயாளியை விட்டுட்டுத் திரும்புறவங்க முதல்ல மூர்மார்க்கெட் பலகையில கடைசி கும்மிடிப்பூண்டி வண்டி எப்பன்னு பார்த்துட்டு வரணும். கும்மிடிப்பூண்டியோட நின்னுடுற வண்டியா, சூலூர்பேட்டை வரைக்கும் போறதான்னும் பாருங்க. ஆரம்பாக்கம், தடாக்காரங்க பாதி வழியில மாட்டிக்கிறது அங்கதான்.